நார்வேயின் இரண்டு சீசன்கள்: சிறுமியர் கால்பந்தில் ஒரு வார்ம்-அப் திட்டம் தோற்றதும் திருந்தியதும்

பின்னணி

நார்வேயில் சிறுமிகள் அதிகம் பேர் ஆடும் விளையாட்டு கால்பந்து. அந்நாட்டுப் பெண்கள் அணி 1995-இல் உலகக் கோப்பையையும் 2000-இல் சிட்னி ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றது. அதற்கு அடித்தளமாக ஊருக்கு ஊர் கிளப்புகள் இருந்தன. 13 வயதுப் பெண்களுக்கே முறையான லீக் ஆட்டங்கள் நடந்தன. பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், பல அணிகளில் ஆடும் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோதான் கோச். வேலை முடிந்து மைதானத்துக்கு வருகிற அவர்களுக்கு ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். இந்த நேர நெருக்கடியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த பலவற்றுக்கும் காரணம் இதுதான்.

அந்த வயதுப் பெண்களின் முழங்கால் காயங்கள் மருத்துவர்களைக் கவலைப்பட வைத்தன. முழங்காலுக்குள் குறுக்காகச் செல்லும் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துபோவது, ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களிடம் 2 முதல் 3 மடங்கு அதிகம். பல நேரங்களில் யாரும் மோதியிருக்கவே மாட்டார்கள். குதித்து இறங்கும்போது, அல்லது ஓடிவந்து சட்டென்று திசை மாறும்போது முழங்கால் உள்பக்கம் சரியும், தசைநார் அறும். அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் மறுவாழ்வுப் பயிற்சி என்று அந்தப் பெண் ஒரு சீசனை முழுவதுமாக இழப்பாள். 30 வயதைத் தாண்டும்போதே மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இதைத் தடுக்க முடியும் என்பதற்கு நார்வேயிலேயே ஆதாரம் இருந்தது. பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலை ஆடும் 15 முதல் 17 வயதுள்ள ஆட்டக்காரர்கள் 1837 பேரை ஒரு சீசன் முழுக்கக் கவனித்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அதில் பாதி கிளப்புகள் சமநிலைப் பலகை, சரியாகக் குதித்து இறங்குதல், தொடைத் தசைப் பயிற்சி ஆகியவற்றை வார்ம்-அப்பில் சேர்த்துக்கொண்டன. திடீரென ஏற்படும் முழங்கால், கணுக்கால் காயங்கள் அந்தக் குழுவில் 48, வழக்கமான வார்ம்-அப் செய்த குழுவில் 81. ஆக, கால்பந்திலும் இதைச் செய்து பார்க்கலாம் என்று ஆஸ்லோ விளையாட்டுக் காய ஆய்வு மையத்தினர் நினைத்ததில் வியப்பில்லை.

முதல் சீசன், 2005

அவர்கள் எடுத்துக்கொண்டது உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் மருத்துவ ஆய்வுப் பிரிவு உருவாக்கியிருந்த '11' என்ற திட்டம். பத்து உடற்பயிற்சிகள், பதினொன்றாவதாக நேர்மையான ஆட்டம் பற்றிய ஓர் அறிவுரை. முழங்கையையும் பாதத்தையும் ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிக்கும் பிளாங்க் (முன்பக்கமும் பக்கவாட்டிலும்), மண்டியிட்டு உடம்பை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங், ஒற்றைக்காலில் நின்று செய்யும் சில பயிற்சிகள், கோட்டைத் தாண்டிக் குதிப்பது, வளைந்து நெளிந்து ஓடுவது. எல்லாம் சேர்த்து 15 நிமிடம். பந்தைத் தவிர வேறு எந்தச் சாதனமும் வேண்டாம். எந்த ஊர் மைதானத்திலும் செய்யலாம் என்பதற்காகவே அப்படி எளிமையாக வைத்திருந்தார்கள்.

17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிகளை, அணி அணியாகக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 59 அணிகள் '11' திட்டத்தைச் செய்யும், 54 அணிகள் தங்கள் வழக்கப்படி வார்ம்-அப் செய்யும். ஆட்டக்காரர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிரிக்காமல் அணியாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே மைதானத்தில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் வேறொன்றையும் செய்ய முடியாது, ஒருவரைப் பார்த்து இன்னொருவர் செய்துவிடுவார். இரண்டு குழுவிலும் சேர்த்து 2000-க்கும் மேற்பட்ட பெண்கள், 8 மாதங்கள்.

கண்டது

எந்த வித்தியாசமும் இல்லை. 1000 மணி நேர ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் '11' செய்த குழுவில் 3.6 காயங்கள், செய்யாத குழுவில் 3.7. கணுக்கால், முழங்கால், தொடை என்று வகைவகையாகப் பிரித்துப் பார்த்தாலும் அதே கதைதான். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பெண் அந்த சீசனில் காயமடைந்திருந்தாள்.

ஹேண்ட்பாலில் பலித்தது கால்பந்தில் ஏன் பலிக்கவில்லை? காயக் கணக்கோடு, அணிகள் உண்மையில் எவ்வளவு செய்தன என்ற கணக்கையும் அவர்கள் வைத்திருந்தார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அதுதான். முதல் 4 மாதங்களில் நடந்த பயிற்சி நாட்களில் 60 சதவீதத்தில்தான் '11' செய்யப்பட்டிருந்தது. 20 தடவைக்கு மேல் செய்த அணிகள் வெறும் 14. இந்தக் கணக்கு மட்டும் இல்லாமல் போயிருந்தால் 'இந்தப் பயிற்சிகளால் பயனில்லை' என்று எழுதி முடித்திருப்பார்கள், விஷயம் அங்கேயே செத்திருக்கும். கணக்கு இருந்ததால், மருந்தைக் குறை சொல்வதற்கு முன்னால் மருந்து உள்ளே போயிற்றா என்று கேட்க முடிந்தது.

குறைவாகச் செய்தது ஒன்று. பயிற்சிகளின் அமைப்பிலும் குறை இருந்தது. முதல் வாரம் செய்த அதே பிளாங்க், அதே குதிப்பு, அதே எண்ணிக்கைதான் எட்டாவது மாதத்திலும். ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிடும், பிள்ளைகளுக்கு அலுத்துப்போகும். இன்னொன்று, '11' தன்னளவில் முழு வார்ம்-அப் ஆகாது. அதில் ஓட்டம் போதுமான அளவு இல்லை. எனவே கோச் தனியாக ஓடவிட்டு உடம்பைச் சூடாக்க வேண்டும், அப்புறம் இந்த 15 நிமிடம், அதற்குப் பிறகுதான் பந்து. ஒரு மணி நேரம் மட்டுமே கையில் உள்ள ஒருவர் இதில் எதை வெட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

வேகமும் குதிப்பும்: 10 வாரச் சோதனை

காயத்தைத் தடுப்பதற்காகச் செய்யச் சொன்னால் கோச்சுகள் அசைவதில்லை. 'இதைச் செய்தால் வேகம் கூடும், உயரமாகக் குதிக்கலாம்' என்று சொன்னால் செய்வார்கள். இந்த எண்ணம் உலகெங்கும் உண்டு, நம் ஊர்ப் பள்ளி மைதானங்களிலும் உண்டு. ஆஸ்லோ மையத்தினர் இதையும் தனியாகச் சோதித்தார்கள். சுமார் 17 வயதுள்ள 36 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் 3 முறை, 10 வாரங்களுக்கு '11' கொடுத்தார்கள். தொடையின் முன்தசை, பின்தசை பலம், இடுப்புத் தசை பலம், செங்குத்தாகக் குதிக்கும் உயரம், ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூர முழுவேக ஓட்டம், பந்துத் திறன் என எல்லாவற்றையும் முன்னும் பின்னும் அளந்தார்கள்.

2008-இல் வெளியான முடிவு: இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. இங்கே ஒழுங்காகச் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பயிற்சி உடம்புக்குக் கொடுத்த சுமையே போதவில்லை என்பதுதான் நேரடியான விளக்கம். ஏற்கெனவே கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும் 17 வயதுப் பெண்ணுக்கு, சுமை ஏறாத சில நிமிடப் பயிற்சி ஸ்பிரிண்ட் வேகத்தை மாற்றாது. வேகம் கூட வேண்டுமென்றால் முழு வேகத்தில் ஓட வேண்டும், நடுவில் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். குதிக்கும் உயரம் கூட வேண்டுமென்றால் பலமும் குதிப்பும் படிப்படியாக ஏற வேண்டும்.

சுவீடனில் 12 முதல் 16 வயதுப் பெண்களிடம் இதே மாதிரியான வேறொரு வார்ம்-அப் திட்டத்தை 11 வாரம் சோதித்தபோதும் உடல்திறன் சோதனைகளில் பலன் தெரியவில்லை. அதே சுவீடனில், அதே திட்டத்தை 4500-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒரு சீசன் நடத்தியதில் ஏசிஎல் காயங்கள் 64 சதவீதம் குறைந்தன. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால், காயத்தைக் குறைப்பதற்கும் ஸ்பிரிண்ட் நேரத்தைக் குறைப்பதற்கும் உடம்பில் நடக்க வேண்டியவை வெவ்வேறு என்பது விளங்கும்.

ஏன் வெவ்வேறு? ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் ஏசிஎல் அறுந்த தருணங்களின் வீடியோவை அதே ஆஸ்லோ மையத்தினர் சட்டகம் சட்டகமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கால் தரையைத் தொட்டு ஏறக்குறைய 40 மில்லி வினாடிக்குள் தசைநார் அறுந்துவிடுகிறது. அதற்குள் மூளை உணர்ந்து தசையை இறுக்கி முழங்காலைக் காப்பாற்ற நேரமே கிடையாது. எனவே கால் தரையைத் தொடும் முன்பே முழங்காலும் இடுப்பும் சரியான நிலையில் இருந்தாக வேண்டும். அதைப் பழக்கத்தால்தான் கொண்டுவர முடியும். முழங்கால் பாத விரல்களின் நேருக்கு வருகிறதா, இறங்கும்போது முட்டி மடங்குகிறதா என்பதையெல்லாம் ஸ்டாப்வாட்ச் அளக்காது.

மாற்றி எழுதியது

2006-இல் ஆஸ்லோ மையமும், ஃபிஃபாவின் மருத்துவப் பிரிவும், இதே போன்ற ஒரு திட்டத்தை அமெரிக்காவில் பெண்கள் கால்பந்துக்காக நடத்தியிருந்த சாண்டா மோனிகா எலும்பியல் ஆய்வு அமைப்பும் சேர்ந்து '11'-ஐத் திருத்தின. வந்தது '11 பிளஸ்'.

முதல் முடிவு, இதுவே முழு வார்ம்-அப்பாக இருக்க வேண்டும், வேறு எதுவும் தனியாகத் தேவைப்படக்கூடாது. அதனால் ஓட்டத்தை உள்ளே கொண்டுவந்தார்கள். முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம். நேராக ஓடுவது, ஓடிக்கொண்டே இடுப்பை வெளியே, உள்ளே சுழற்றுவது, கூட்டாளியைச் சுற்றி வருவது, தோளோடு தோள் தொடக் குதிப்பது, முன்னும் பின்னுமாக ஓடுவது. நடுவில் 10 நிமிடம் பலம், சமநிலை, குதிப்பு. கடைசி 2 நிமிடம் வேகமான ஓட்டமும் சட்டென்று கால் ஊன்றித் திரும்புதலும். மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிடம்.

இரண்டாவது, படிநிலை. நடுப்பகுதியில் உள்ள 6 பயிற்சிகளுக்கும் 3 நிலைகள் வைத்தார்கள். உதாரணத்துக்கு, முட்டியை மடக்கி இறங்கி எழும் ஸ்குவாட்: முதல் நிலையில் இரண்டு காலில், அப்புறம் ஒரு காலை நீட்டி வைத்து முட்டியை மடக்கி இறங்கி நடக்கும் லஞ்ச் நடை, கடைசியில் ஒற்றைக்கால் ஸ்குவாட். ஒற்றைக்கால் நிற்றலில் முதலில் பந்தைக் கையில் பிடித்து நிற்பது, பிறகு கூட்டாளிக்கு எறிவது, கடைசியில் கூட்டாளி தள்ளிப் பார்க்க நிலைகுலையாமல் இருப்பது. நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங்கில் தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை, கடைசி நிலையில் 12 முதல் 15 தடவை. சுமை ஏறுகிறது, அலுப்பும் குறைகிறது.

மூன்றாவது முடிவு தரம் பற்றியது. எத்தனை தடவை என்பதைவிட எப்படி என்பதற்கு முன்னுரிமை. பெண்கள் இருவர் இருவராகச் செய்து, ஒருவர் முழங்காலை மற்றவர் பார்த்துத் திருத்த வேண்டும். இருபது பேரின் முழங்காலை ஒரு கோச் தனியாகப் பார்க்க முடியாது என்கிற நடைமுறைக் கஷ்டத்துக்கு இது நல்ல தீர்வு. ஆட்ட நாளில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டப் பகுதிகளை மட்டும் செய்தால் போதும் என்றும் வைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் தொடையைக் களைப்பாக்க வேண்டியதில்லை.

2007 சீசன்

நார்வேயின் தெற்கு, கிழக்கு, மத்தியப் பகுதிகளிலிருந்து 125 கிளப்புகள் சேர்ந்தன. 65 கிளப்புகள் 11 பிளஸ் பக்கம், 60 வழக்கமான வார்ம்-அப் பக்கம். 13 முதல் 17 வயதுள்ள 1892 பெண்களின் தகவல் கணக்கிடப்பட்டது. கோச்சுகளை வரவழைத்துக் கற்றுக்கொடுத்தார்கள், டிவிடியும் போஸ்டரும் பயிற்சி அட்டைகளும் கொடுத்தார்கள். காயம் பற்றிய விவரங்களைச் சேகரித்தவர்களுக்கு அந்தப் பெண் எந்தக் குழு என்பது தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கால் காயம் அடைந்தவர்கள் 11 பிளஸ் குழுவில் 1055 பேரில் 121, மற்றக் குழுவில் 837 பேரில் 143. ஆய்வுக்கு முன்பே முதன்மை இலக்காக அறிவித்திருந்தது இந்தக் கால் காயக் கணக்குதான். அது 29 சதவீதம் குறைந்தது, ஆனால் தற்செயலாக வந்த வித்தியாசமாக இருக்கலாம் என்பதைப் புள்ளியியல்படி முழுமையாக ஒதுக்க முடியவில்லை. இதை அவர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள், திட்டத்தைப் பரப்புகிறவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். தெளிவாகக் குறைந்தவை வேறு. எல்லாக் காயங்களையும் சேர்த்துப் பார்த்தால் 32 சதவீதம், 28 நாட்களுக்கு மேல் ஆட முடியாமல் செய்யும் கடும் காயங்கள் 45 சதவீதம், ஓயாத பயன்பாட்டால் வரும் காயங்கள் 53 சதவீதம். பெற்றோரும் கோச்சும் பயப்படுவது கடும் காயத்துக்குத்தான், ஆகவே இந்த 45 எனக்கு மற்ற எல்லா எண்களையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

செய்த அளவும் மாறியிருந்தது. சீசனின் பயிற்சி, ஆட்ட நாட்களில் 77 சதவீதத்தில் திட்டம் நடந்தது. நன்றாகச் செய்தவர்களை நடுத்தரமாகச் செய்தவர்களோடு ஒப்பிட்டால், முதல் கூட்டத்தாருக்குக் காய ஆபத்து 35 சதவீதம் குறைவு. ஆனால் 77 சதவீதம் என்பது சராசரியாக வாரத்துக்கு 1.3 தடவைதான். வாரம் 2 தடவையாவது என்ற பரிந்துரையை அது எட்டவில்லை. எந்த அணிகள் குறைவாகச் செய்தன என்று தேடியபோது, 'நேரம் அதிகம் எடுக்கிறது', 'இதில் கால்பந்து போதவில்லை' என்று நினைத்த கோச்சுகளின் அணிகள்தான் பின்தங்கியிருந்தன. அந்த கோச்சுகளைச் சோம்பேறிகள் என்று எழுதுவது நியாயமில்லை. பிள்ளைகள் வந்தது பந்து ஆட, கையிலிருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை வார்ம்-அப் எடுத்துக்கொள்கிறது. புகாரில் உண்மை இருக்கிறது.

உடல்திறன் பற்றிப் பிறகு தெரிந்தவை

11 பிளஸ் பழைய '11' போல உடல்திறனில் வெறும் பூஜ்யமும் இல்லை, பெரிய அதிசயமும் இல்லை. இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்து முடித்த உடனே ஆட்டத்துக்குத் தயாரா? ஆம். அமெச்சூர் ஆண் ஆட்டக்காரர்களிடம் அளந்தபோது, செய்து முடித்ததும் 20 மீட்டர் ஸ்பிரிண்ட், திசை மாற்றி ஓடுவது, குதிப்பு மூன்றும் மேம்பட்டிருந்தன. உடம்பு சூடானால் தசை வேகமாகச் சுருங்கும், நரம்புச் செய்தி வேகமாகப் போகும், அதன் பலன் இது. தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்கும் பழைய பாணி நீட்டலை ஆட்டத்துக்கு முன் செய்தால், பலமும் குதிப்பும் கொஞ்சம் குறைகின்றன. 11 பிளஸில் அந்த மாதிரி நீண்ட நீட்டல் இல்லாதது நல்லது.

வாரக்கணக்கில் செய்தால் நிரந்தரமாகத் திறன் கூடுமா என்பது அடுத்த கேள்வி. ஆய்வுக்கு ஆய்வு விடை வேறுபடுகிறது. சமநிலையில் முன்னேற்றம் அடிக்கடி தெரிகிறது, குதிப்பிலும் ஓட்டத்திலும் சில நேரம் சிறிய முன்னேற்றம். 13 வயதுக்குட்பட்டவர்களுக்காக 7 பயிற்சிகள், 5 நிலைகளோடு தனியாக உருவாக்கிய '11 பிளஸ் கிட்ஸ்' திட்டத்தில் சமநிலை, குதிப்பு, சுறுசுறுப்பு ஓரளவு கூடின. சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் குடியரசு ஆகிய 4 நாடுகளில் 3895 பிள்ளைகளிடம் அதைச் சோதித்து 2018-இல் வெளியிட்டபோது, காயங்கள் 48 சதவீதம் குறைந்திருந்தன. சிறு பிள்ளைகளின் உடல் இயக்கம் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதால் குறைந்த சுமைக்கே பலன் கிடைக்கிறது என்பது என் கணிப்பு.

இன்று நடத்தினால் எதை மாற்றலாம்

முதலில், நேரப் புகாரைத் தீர்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் அரைத் தொழில்முறை ஆண்கள் அணிகளில், நடுவிலுள்ள 10 நிமிடப் பலப் பயிற்சியைப் பயிற்சியின் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் அதிகமாகச் செய்தார்கள், கடும் காயங்களும் குறைந்தன. பிள்ளைகளிடமும் இதைத் தாராளமாக முயலலாம். முன்பகுதியில் ஓட்டமும் திருப்பமும் மட்டும், 10 நிமிடத்தில் பந்து காலுக்கு வந்துவிடும். ஆனால் களைப்போடு குதித்து இறங்கும்போது முழங்கால் சரிவது அதிகமாகலாம் என்பதால், குதிப்புப் பயிற்சியை மட்டும் நான் முன்பகுதியிலேயே விட்டுவைப்பேன்.

அடுத்தது, தொடங்கும் வயது. பெண்களுக்கு உயரம் வேகமாக ஏறுவது 12 வயதை ஒட்டி. கை கால் நீண்டுவிடும், அதைக் கட்டுப்படுத்தும் பலம் பின்னால்தான் வரும். 13 வயதில் தொடங்கும் திட்டம் அந்தக் காலத்தைத் தவறவிடுகிறது. 9, 10 வயதிலேயே கிட்ஸ் திட்டத்தைத் தொடங்கி, 13-இல் 11 பிளஸுக்கு மாற்றுவதுதான் சரி. அந்த வளர்ச்சிக் கட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முனையில் வலி என்று சொல்கிற பிள்ளைகள் நிறைய இருப்பார்கள், அவர்களுக்குக் குதிப்பின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். நிலையை அணிக்கு ஒன்றாக வைக்காமல் ஆளுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும்.

மூன்றாவது, சீசன் தொடங்கும் முன் ஒரே ஒரு வகுப்பு என்பது போதாது. சீசன் நடுவே ஒருவர் மைதானத்துக்கே போய்ப் பார்த்துத் திருத்த வேண்டும். போஸ்டரைப் பார்த்துச் செய்யும்போது பிளாங்கில் இடுப்பு தொங்குவதையும், ஸ்குவாட்டில் முட்டி உள்ளே போவதையும் யாரும் கவனிப்பதில்லை.

உடல்திறனைப் பொறுத்தவரை, கோச்சிடம் வேகத்தைக் காட்டி ஆசை காட்டக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 10 வாரம் கழித்து அவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்ப்பார், நேரம் குறைந்திருக்காது, திட்டத்தையே கைவிடுவார், கூடவே முழங்கால் பாதுகாப்பும் போய்விடும். வேகம் வேண்டுமென்றால் வாரம் ஒன்றிரண்டு நாள் வார்ம்-அப் முடிந்ததும் 10 முதல் 30 மீட்டர் வரை சில முழுவேக ஓட்டங்களை, நடுவில் போதுமான ஓய்வோடு தனியாகச் சேர்க்கலாம். கோச்சிடம் சொல்வதற்கு இதைவிட உண்மையான வாதம் ஒன்று இருக்கிறது: 28 நாளுக்கு மேல் வெளியே உட்கார்ந்திருக்கும் பெண் பயிற்சியே செய்வதில்லை, அவளுடைய திறன் எப்படிக் கூடும்?

கடைசியாக, பதிவேடு. தேதி, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பகுதிகளைச் செய்தார்கள், எந்த நிலையில், யாருக்கு எங்கே வலி. ஒரு நோட்டில் ஐந்து வரி, அணித் தலைவியே எழுதலாம். 2005 சீசனின் முடிவைப் புரிந்துகொள்ள உதவியது இந்த மாதிரியான பதிவுதான், புதிதாகத் தொடங்கும் அணி முதல் நாளிலிருந்தே இதை எழுதத் தொடங்கலாம்.